முப்பது மாலைகளின் சராசரி

மாலை வகுப்புக்குப் போகிறவர்களுக்கு நிம்மதியாகக் காப்பி குடிக்க நேரம் இருக்காது, சார். நான் வேலை முடிந்து நாலரைக்கு வீட்டுக்கு வருவேன். ஐந்தே முக்காலுக்கு மறுபடி கிளம்ப வேண்டும். நடுவில் எல்சி வந்து காப்பி போட்டால் உண்டு. எனக்கும் போடத் தெரியும். ஆனாலும் அவள் போட்டதைக் குடித்துவிட்டுப் போனால்தான் வகுப்பில் தூக்கம் வராது.

நேற்று நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுது என்றீர்கள். எனக்கு அது சிரமமில்லை. ஆறு வருடமாக டைரி எழுதுகிறேன். பகலில் தஞ்சாவூரில் ஒரு தனியார் விதை கம்பெனியின் சோதனைக் கூடத்தில் பதிவேடு எழுதும் வேலை. மாலையில் புள்ளியியல் டிப்ளமோ. வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். என் கண்ணையும் என் காதையும் நான் எளிதில் நம்புவதில்லை. அதனால்தான் எனக்கு முறையான ஒரு சோதனை தேவைப்பட்டது.

எல்சிக்கும் எனக்கும் கல்யாணமாகி இரண்டு வருடம். திருக்காட்டுப்பள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஸ்கூட்டரில் போய் வருவாள். பள்ளி விட்டதும் ‘கிளம்பிட்டேன்’ என்று செய்தி அனுப்புவாள். அந்தச் செய்திக்கும் எங்கள் வாசல் கேட் சத்தத்துக்கும் நடுவே சராசரியாக முப்பத்தைந்து நிமிடம். ஜூன் முதல் டிசம்பர் வரை டைரியில் இருக்கிறது. அவளை வேவு பார்த்து எழுதியதல்ல. எத்தனை மணிக்குக் காப்பி குடித்தேன் என்று எழுதும் பழக்கம் எனக்கு முன்பே உண்டு.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்தப் பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் பரணிதரன் கடைத்தெருவில் என்னைப் பார்த்து, “மூணாவது தடவை விட்டுறாதீங்க தம்பி, இந்த வாட்டி அடிச்சிருங்க” என்றார். நான் புள்ளியியல் தாளில் இரண்டு முறை தோற்றது எல்சிக்கு மட்டும்தான் தெரியும். என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் என் வீட்டுச் சுவருக்குள் இருந்த ஒன்று வெளியே போயிருந்தது. எல்சியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. டைரியில் ஒரு வரி எழுதினேன்.

பொங்கல் கழிந்து பள்ளி திறந்ததும் நேரம் மாறியது. முதல் நாள் நாற்பத்தாறு நிமிடம். மறுநாள் ஐம்பத்தொன்று. மூன்றாம் நாள் நாற்பத்து நாலு. அன்று கேட்டேன்.

“ரோடு பூரா நெல்லுங்க. மெதுவாத்தான் வரணும்” என்றாள்.

சம்பா அறுவடை. ஆற்றங்கரை ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருப்பார்கள். எனக்குத் தெரியாதா. ஆனால் மறுநாளும் அதே பதில். அதற்கு அடுத்த நாளும் அதுவே. உண்மை சொல்கிறவர்கள் ஒரு நாள் ஹெட்மாஸ்டர் பிடித்துக்கொண்டார் என்பார்கள், ஒரு நாள் பெட்ரோல் போட்டேன் என்பார்கள். ஒரே காரணம் தினமும் வந்தால் அது ஒத்திகை பார்த்தது என்று எனக்குப் பட்டது. ஐந்தாம் நாள் நான் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தபோது அவள் சிரித்தாள்.

“வருகைப் பதிவேடு எங்கங்க? கையெழுத்துப் போட்டுட்டு உள்ள வரேன்.”

நானும் சிரித்தேன். அன்றிரவே பதிவேடு ஒன்றைத் தொடங்கினேன்.

முறையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் அவசரப்பட்டவன் என்று நினைப்பீர்கள். முதலில் ஒன்றும் மாறவில்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அதை இன்மை எடுகோள் என்போம். எல்சி எப்போதும்போலத்தான் வருகிறாள், சராசரி முப்பத்தைந்து. அவள் குற்றமற்றவள் என்பதிலிருந்துதான் தொடங்கினேன். அதற்கு எதிரான மாற்று எடுகோள், சராசரி அதைவிட அதிகம். மாற்று எடுகோளுக்குப் பெயரோ முகமோ தேவையில்லை. யாரோடு, எங்கே என்று அது கேட்காது. கூடுதலா குறைவா என்ற திசை போதும். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. யாரையும் கற்பனை செய்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

முப்பது பள்ளி நாட்கள் எழுதினேன். சராசரி நாற்பத்தேழு. திட்ட விலக்கம் எட்டு. சோதனை மதிப்பு 8.22 வந்தது. அட்டவணையில் ஐந்து சதவீதத்துக்கான எல்லை 1.70. எல்லையைத் தாண்டினால் இன்மை எடுகோளை நிராகரிக்க வேண்டும். இது ஐந்து மடங்குக்குப் பக்கத்தில் தாண்டியிருந்தது.

அப்போதும் என்னை நான் நம்பவில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். பரணிதரன் அதே ரோட்டில்தான் தஞ்சாவூர் வருகிறார். பேச்சுவாக்கில் அவரிடம் எவ்வளவு நேரம் ஆகிறது என்று விசாரித்தேன். நெல் கிடந்தாலும் முப்பத்தெட்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது என்றார். பிப்ரவரியில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நானே அந்த ரோட்டில் பைக்கில் வந்தேன். முப்பத்து நாலு நிமிடம். அன்று காலை தூறல் விழுந்திருந்ததால் யாரும் நெல்லைக் கொட்டவில்லை. அதையும் டைரியில் குறித்திருக்கிறேன். குறித்தேன், ஆனால் அந்த வரியைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை. அன்று அவள் முப்பத்தாறில் வந்தாள். நான் கவனிப்பதை எப்படியோ தெரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

வகுப்பில் ராகவேந்திரா சாரிடம் பொதுவாக ஒரு சந்தேகம் கேட்டேன். “நிராகரிச்சாச்சு சார். அப்புறம் என்ன செய்யறது?”

“டீ குடிக்கப் போலாம் சார்” என்று பின் வரிசையில் ஒருவர் சொல்ல, வகுப்பே சிரித்தது.

சாரும் சிரித்துவிட்டு, “ஏன் மாறுச்சுன்னு போய்ப் பாருப்பா. டேபிள் அதைச் சொல்லாது. அஞ்சு பர்சென்ட்னா, ஒண்ணுமே மாறாத எடத்துல நூத்துக்கு அஞ்சு தடவை மாறிடுச்சுன்னு சொல்லுவோம், ஞாபகம் வச்சுக்க” என்றார்.

எழுதிக்கொண்டேன். என் மதிப்பு ஐந்து சதவீத எல்லையை எங்கேயோ தாண்டியிருந்ததால் அந்த எச்சரிக்கை எனக்கு இல்லை என்று முடிவு செய்தேன். அன்று பேருந்தில் வரும்போது அழுதேன். அதை எழுத வெட்கமாக இருக்கிறது. இரண்டு வருடம் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள், கண்ணைப் பார்த்து நெல் நெல் என்று தினமும் சொல்லியிருக்கிறாள். யாராவது ஒருவர் என்னிடம் சத்தியம் செய்து சொல்லியிருந்தால்கூட நான் சந்தேகப்பட்டிருப்பேன். இதை எனக்குச் சொன்னது என் கையால் போட்ட கணக்கு.

மார்ச் பதினெட்டாம் தேதி காலையில் அவள் டிபன் டப்பாவைக் கட்டிக்கொண்டே, “பிரேக் கொஞ்சம் லூசா இருக்குங்க, ஒரு பார்வை பாருங்களேன்” என்றாள். பார்த்தேன். இரண்டு பிரேக்கையும் இன்னும் தளர்த்தினேன். மெதுவாகப் போனால் பிடிக்கும், வேகத்தில் பிடிக்காது என்ற அளவுக்கு. “சரியா இருக்கு, போ” என்றேன். “தேங்க்ஸ்ங்க” என்றாள். காலையில் பிள்ளைகளும் சைக்கிளுமாக ரோட்டில் கூட்டம், வேகமாகப் போக முடியாது. மாலையில் ரோடு காலியாக இருக்கும். அதையும் யோசித்துத்தான் செய்தேன். நாலு இருபதுக்குச் செய்தி வந்தது. கேட் சத்தம் வரவில்லை. மதகுத் திருப்பத்தில் கைப்பிடிச் சுவரில் மோதிவிட்டாள் என்று ஐந்தே காலுக்கு உங்கள் ஆட்கள் போன் செய்தார்கள்.

நேற்று நீங்கள் வேம்பு என்ற அம்மாவின் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அந்த ரோட்டில் நெல் காயப்போடுகிறவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“எல்லா வண்டியும் நெல்லு மேல ஏறி எறங்கித்தான் போவும் சார். அந்த டீச்சரம்மா மட்டும் ஏத்த மாட்டாங்க. எறங்கி ஓரமா தள்ளிக்கிட்டே போவாங்க. நாலு எடத்துல எறங்கணும். ஏம்மா இம்புட்டு செரமம்னு கேட்டா, எங்கப்பா கூலிக்கு அறுப்பறுத்தவரு, அது மேல ஏத்த மனசு வரலன்னுவாங்க.”

அவள் அப்பா அடைக்கலசாமி கூலிக்கு அறுத்தவர்தான். எனக்குத் தெரியும். அவள் இறங்கித் தள்ளியதை என்னிடம் சொல்லவில்லை. நான் நேரத்தைக் கேட்டேனே தவிர, வழியில் என்ன செய்தாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அறுவடை நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டு அதை ஜூன் முதல் டிசம்பர் வரையிலான சராசரியோடு ஒப்பிட்டது, மாதிரி நாட்களை எடுத்ததில் என் பிழை. அதை ஒப்புக்கொள்கிறேன். எல்சியைக் கொன்றது நான். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் பதினெட்டாம் தேதி அறுவடை முடிந்துவிட்டது, ரோட்டில் ஒரு மணி நெல் இல்லை, அதனால்தான் அவள் இறங்காமல் வேகமாக வந்தாள் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். நீங்கள் போன பிறகு யோசித்தேன். அன்று அவள் வீடு வந்து சேர்ந்திருந்தால் சரியாக முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருக்கும். சந்தேகத்தின் பலனை அவளுக்கே கொடுத்து, அதை முப்பத்தொன்றாவது நாளாகச் சேர்த்து இந்தத் தாளின் பின்பக்கத்தில் மறுபடி போட்டுப் பார்த்தேன். 7.93 வருகிறது. முடிவு மாறவில்லை சார், யாரிடமாவது கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.