கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிய கோமளா டீச்சருக்கு

பின்னலாடைப் பேரூரின் பிள்ளைகளுக்குப் பாடத்தோடு பரிவையும் பகிர்ந்தளித்த பண்பாளரே! முப்பத்திரண்டு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் சரித்திரம் கற்பித்து, அவற்றில் கடைசி ஒன்பது ஆண்டுகள் எங்கள் பள்ளியின் தலைமைப் பொறுப்பைத் தளராமல் தாங்கிய தகைமையாளரே! காலையில் தாமதமாக வந்தவரைக் கண்ணால் பார்த்தே கூனிக் குறுகவைத்த கோமளா அம்மையாரே!

உங்கள் பணிநிறைவு விழாவில் இதற்கு மேல் உங்களை நேருக்கு நேர் புகழப்போவதில்லை. புகழ்ந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். "போதுமுங்க, நேரமாச்சு" என்று எழுந்து மைக்கை வாங்கிவிடுவீர்கள். ஆகவே கோமளா டீச்சர் என்று யாரோ ஒருவர் இருந்ததாகப் பாவித்து, அவர் கதையைச் சபைக்குச் சொல்கிறோம். நீங்கள் சும்மா உட்கார்ந்து கேட்டால் போதும்.

கோமளா டீச்சர் இதே பள்ளியில் படித்தவர். முதலிபாளையம் தொழிற்பேட்டைக்கு அந்தப் பக்கம் வெறும் சோளக்காடாக இருந்த நாளில், லிங்கசாமி என்ற பெரிய பண்ணையக்காரர் பள்ளிக்காக ஒரு ஏக்கர் கொடுத்தார். வாசல் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. அந்த ஒரு ஏக்கரில் கட்டடம் எழும்பக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களில் ஒருவர் டீச்சரின் அப்பா கருப்புசாமி. அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஒன்பதாம் வகுப்புக்குச் சரித்திரம் எடுக்கும்போது டீச்சர் பிள்ளைகளை வாசலுக்குக் கூட்டிப்போவார். "இந்தக் கல்லுல யாரு பேரெல்லாம் விட்டுப்போச்சுன்னு ஊட்டுல கேட்டு எழுதீட்டு வாங்க கண்ணு" என்று வீட்டுப்பாடம் கொடுப்பார். பிள்ளைகளும் சளைக்காமல் நாற்பது ஐம்பது பெயர்களோடு வந்து நிற்பார்கள்.

இப்படிப்பட்டவரே ஒரு தப்புச் செய்தார். பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டம் மாதாமாதம் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நடக்கும். ஏன் பதினோரு மணி என்று யாரும் யோசித்ததில்லை. முன்பிருந்தவர் வைத்தார், இவரும் வைத்தார். வடை சூடாக வருகிற நேரம் என்பதால் ஆசிரியர்களாகிய நாங்களும் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்துக்குத் தவறாமல் வருபவர்கள் இருவர். ஒருவர் குழுத் தலைவர் இந்துமதி அம்மா. மற்றவர் அவர் கணவர் மகுடேஸ்வரன். லிங்கசாமியின் பேரன், பனியன் கம்பெனி முதலாளி. தாத்தா கொடுத்த இடம் என்ற பாசத்தில் மகளை இங்கேயே சேர்த்தவர், அந்த நல்ல மனதை நாங்கள் குறை சொல்லமாட்டோம். ஆனால் மனைவிதான் தலைவர் என்றாலும் பேசுவதெல்லாம் அவர்தான். கையெழுத்து வேண்டும்போது மட்டும் நோட்டு இந்துமதி அம்மா பக்கம் நகரும். கூட்டம் முடிந்ததும் டீச்சர் அதே நோட்டில், 'மற்ற பெற்றோர் வரவில்லை, ஆர்வம் இல்லை' என்று எழுதுவார். ஏழு வருடம் அப்படித்தான் எழுதினார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு மாணவியின் உதவித்தொகைப் படிவத்துக்கு அம்மாவின் கையெழுத்து வேண்டியிருந்தது. மூன்று நாள் சொல்லியனுப்பியும் அந்த அம்மா வரவில்லை. டீச்சர் கோபத்தோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மகுடேஸ்வரனின் கம்பெனிக்கே போய்விட்டார். செக்கிங் பிரிவில், மேஜைமேல் குவிந்த பனியன்களைப் புரட்டிப் புரட்டிப் பழுது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார் அந்த அம்மா, சென்னம்மாள்.

"ஏனம்மிணி, ஒரு கையெழுத்துக்கு மூணு நாளா?" என்றார் டீச்சர்.

சென்னம்மாளின் கை நிற்கவில்லை. "வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குங்கூட வரோணும்னுதானுங்க டீச்சர் ஆசை. பதினோரு மணிக்கு இங்கிருந்து நகந்தா அரை நாள் கூலி போயிருமுங்க. ஞாயித்துக்கிழமைன்னா இந்த லைன்ல நிக்கற அத்தனை பேருமே வருவோமுங்க."

"அதை ஏன் யாரும் இத்தனை நாளாச் சொல்லலை?"

"சொல்றதுக்கும் அந்தக் கூட்டத்துக்குத்தானுங்களே வரோணும்?"

அன்று டீச்சர் பள்ளிக்குத் திரும்பி வந்தபோது முகம் செத்துக் கிடந்தது. மதியச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு ஏழு வருட நோட்டையும் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதமே புதுக் குழுவுக்குத் தேர்தல். யார் தலைவர் என்பதில் ஒரு விஷயம் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளி முகப்பில் லிங்கசாமி பெயரில் வளைவு கட்ட மகுடேஸ்வரனுக்கு ஆசை. ஷிப்ட் முடிந்து அம்மாக்கள் வருகிறவரை, பள்ளி விட்ட பிள்ளைகள் பஸ் ஸ்டாப்பில் காத்துக் கிடந்தார்கள். ஒரு வகுப்பறையை எட்டு மணிவரை திறந்துவைக்கவேண்டும் என்பது அந்த அம்மாக்களின் ஆசை. குழுவின் கையிருப்பு இரண்டுக்கும் பத்தாது.

டீச்சர் தேர்தலை ஞாயிறு நாலு மணிக்கு வைத்தார். ஞாயிறும் போச்சா என்று முணுமுணுத்தோம், இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். மகுடேஸ்வரன் நேரிலேயே வந்து கேட்டார்: "ஏனுங்க டீச்சர், நல்லா நடந்துட்டிருந்ததை எதுக்குங்க மாத்தறீங்க?"

"நடந்துட்டுத்தானுங்க இருந்துச்சு. ஆளில்லாம நடந்துச்சுங்க" என்றார் டீச்சர்.

ஞாயிறன்று எண்பத்து மூன்று அம்மாக்கள் வந்தார்கள். உட்கார இடமில்லாமல் சத்துணவுக் கூடத்திலிருந்து பாய் கொண்டுவந்து விரித்தோம். தலைவர் பதவிக்கு இந்துமதி அம்மாவின் பெயரோடு, பின்னாலிருந்து யாரோ சென்னம்மாளின் பெயரையும் சொன்னார்கள். "சென்னம்மாளுக்குக் கை தூக்குங்க" என்றார் டீச்சர். ஒரு கையும் எழவில்லை. வந்தவர்களில் பாதிப்பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சென்னம்மாளே தன் கையைத் தூக்கவில்லை.

டீச்சர் மெதுவாக அந்தப் பழைய நோட்டை எடுத்து, 'ஆர்வம் இல்லை, ஆர்வம் இல்லை' என்று பக்கம் பக்கமாக வாசித்தார். "இதை எழுதுனது நானுங்க. ஏழு வருசமா உங்களைப் பத்திப் பொய் எழுதியிருக்கறனுங்க. மன்னிச்சுக்கோங்க" என்றார். பிறகு வெள்ளைத்தாள்களைக் கிழித்து எல்லார் கையிலும் ஒரு துண்டு கொடுத்தார். சாக்பீஸ் பெட்டியைக் காலி செய்து, பெயரெழுதிப் போட மேஜைமேல் வைத்தார். மகுடேஸ்வரனையும் எங்களையும் பார்த்து, "வெளிய டீ வந்திருக்குங்க, போய்க் குடிங்க" என்றார். போனோம்.

எண்ணுவதற்கு எங்களைத் திரும்ப உள்ளே கூப்பிட்டார். எண்ணிப் பார்த்ததில் சென்னம்மாளுக்கு எழுபத்து நான்கு. இந்துமதி அம்மாவுக்கு ஒன்பது. இந்துமதி அம்மா எழுந்தார். "அந்த எழுவத்தி நாலுல ஒண்ணு நான் போட்டதுங்க. இத்தனை வருசமா எனக்குக் கையெழுத்து மட்டுந்தானுங்க வேலை" என்றார். கூடம் அதிரச் சிரித்தார்கள். மகுடேஸ்வரன் டீ கிளாஸோடு வாசலில் வந்து நின்று, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

திங்கட்கிழமை சென்னம்மாள் பயந்துகொண்டேதான் வேலைக்குப் போனார். வேலை இருந்தது. மகுடேஸ்வரன் மட்டும் ஆறு மாதம் பள்ளிப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. பத்தாம் வகுப்பு அறையில் எட்டு மணிவரை விளக்கு எரிகிறது. அங்கே இருந்து படிக்கிறவர்களில் அவர் மகளும் ஒருத்தி. இன்று அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், வந்ததற்கு நன்றி.

டீச்சர், நோய்நொடி அண்டாமல், நூறாண்டு நிறைவாய், நினைத்த ஊருக்கெல்லாம் போய்வந்து நிம்மதியாய் வாழ நெஞ்சார வாழ்த்துகிறோம். வந்து எங்களைத் திட்டுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இந்த மடலை எழுதியது நாங்கள். வாசிப்பது மேலாண்மைக் குழுத் தலைவர் சென்னம்மாள். தன் பெயருக்கே கை தூக்க அஞ்சியவர், தன் முதலாளியின் கதையை, முதலாளியை முன்னால் வைத்துக்கொண்டு, இதோ இந்த வரிவரைக்கும் மைக்கில் வாசித்து முடித்துவிட்டார்.

இங்ஙனம்,
உங்களிடம் திட்டு வாங்கித் தேறிய
ஆசிரியர்களும் அலுவலர்களும்