சந்திரகாந்தி லோஷன்

– பூசினதும் எரிஞ்சுச்சா, மறுநாளு எரிஞ்சுச்சா? அத மொதல்ல சொல்லு தங்கச்சி.

– எரியவே இல்லீங்கண்ணா. பொங்கலுக்கு வாங்கிட்டுப் போயி தெனமும் பூசினேன். எரியவும் இல்ல, வெளுக்கவும் இல்ல. பச்சத்தண்ணியப் பூசின மாதிரி இருந்துச்சி. கடேசில இப்புடி ஆயிப்போச்சி.

– எப்புடின்னு முக்காட்ட எடுத்தாத்தான தெரியும். வேகாத வெயில்ல இழுத்துப் போத்திக்கிட்டு நிக்கிற. இந்த ஸ்டூல்ல உக்காரு.

– உக்கார முடியாதுண்ணா. இண்டூருக்கு ரெண்டு பஸ்ஸு மாறிப் போவணும். வூட்ல துணி தொவைக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீங்க கடைய மூடுங்க, எங்கூட வாங்க.

– கடைய மூடறதா? காரிமங்கலம் சந்தையில இந்த சென்னப்பனுக்கு வாரத்துல ஒரு நாளு யாவாரம். இந்தா, புது பாட்டிலு. எடுத்துக்கிட்டு நல்ல புள்ளையா வூடு போய்ச் சேரு. வாங்கக்கா, வாங்க, பம்பாய் பார்முலா சந்திரகாந்தி லோஷன், ஒரு மாசம் பூசிட்டுக் கண்ணாடியப் பாருங்க, நீ யாருன்னு கண்ணாடியே உங்களக் கேக்கும்…

– அந்தக்கா போயிட்டாங்க. கத்தாதீங்க. எனக்கு பாட்டிலும் வேணாம், குடுத்த காசும் வேணாம். எங்க ஊருக்கு வாங்க. கோயிலு முன்னாடி நின்னு, இந்தப் புள்ள நெத்தியச் சுட்டது என் லோஷன்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. சொல்லிட்டு அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிடுங்க.

– நல்லா இருக்குது நாயம். தன் சரக்கு விசம்னு தானே போய்ச் சொல்றவன் எவனாச்சும் உண்டா? அதும் ஊர்க்கோயிலு முன்னாடி. நான் உசுரோட பஸ் ஏற வேணாமா?

– அடிக்க மாட்டாங்கண்ணா. அவங்க கோவத்துல இல்ல. பக்தியில இருக்காங்க. அதான் எனக்குப் பயமா இருக்குது.

– பக்தியா? லோஷனுக்கும் பக்திக்கும் என்னா சம்பந்தம்? புரியற மாதிரி சொல்லு.

– விபூதிப் பொதன் தெரியுமா உங்களுக்கு?

– விபூதி தெரியும், பொதங்கெழம பாப்பிரெட்டிப்பட்டிக்கு சரக்கு எடுத்துக்கிட்டுப் போவேன், அதும் தெரியும். ரெண்டும் சேந்தாப்புல தெரியாது. கையில செபமால வெச்சிருக்க, நீங்க வேதக்காரங்கதான? உங்களுக்கு ஏது விபூதி?

– எங்களுக்கும் வருசத்துல ஒரு நாளு உண்டு. ஈஸ்டருக்கு முந்தின நோம்பு, தவசுகாலம், ஆரம்பிக்கிற அன்னிக்கு. போன வருசத்து குருத்தோலைய எரிச்சி, அந்தச் சாம்பல்ல சாமியாரு எல்லாரு நெத்தியிலயும் சிலுவ போடுவாரு. நானும் வரிசையில நின்னேன். காலைல உங்க லோஷன அப்பிக்கிட்டுதான் போனேன்.

– கோயிலுக்குப் போறப்பகூடவா?

– அவங்கம்மா வருவாங்கன்னு தெரியும். அதான்.

– யாரு அம்மா?

– யாகப்பன் அம்மா. இண்டூர்ல சைக்கிள் கட வெச்சிருக்காரு. அவருக்குத்தான் என்னைப் பேசி வெச்சிருக்காங்க. தவசுல எங்க ஆளுங்க கண்ணாலம் வெக்க மாட்டாங்க. ஈஸ்டர் கழிச்சி நாளு குறிக்கிறதா இருந்துச்சி. அவங்கம்மாதான், பொண்ணு தங்கமான பொண்ணு, நெறந்தான் கொஞ்சம் மட்டுன்னு எங்கம்மாகிட்ட சொன்னாங்க. நான் உள்ள அடுப்பு ஊதிக்கிட்டு இருந்தேன். காதுல உழுந்துச்சி.

– அந்த யாகப்பன் சொன்னாரா, மட்டுன்னு?

– அவரு ஒண்ணும் சொல்லல.

– அப்பறம் என்னாத்துக்கு இந்தக் கண்றாவிய வாங்கின? அட, என் சரக்கையே நான் கண்றாவின்றேன் பாரு. சரி, சொல்லு.

– கோயில்லேர்ந்து வெயில்ல நடந்து வந்தேன். சாயங்காலம் மூஞ்சி கழுவினேன். சாம்பலு போயிடுச்சி. சிலுவ போவல.

– போவலன்னா?

– அப்புடியே பதிஞ்சி நின்னுடுச்சி. மொதல்ல செவப்பா இருந்துச்சி, காலைல எழுந்து பாத்தா கருகருன்னு. எங்கம்மா இன்னாசியம்மா, கொடத்தக் கீழ போட்டுட்டு முட்டி போட்டுட்டாங்க. அன்னிக்கு மத்தியானமே வாசல்ல மெழுகுத்திரி எரியுது. நான் லோஷன், லோஷன்னு தொண்ட கிழியக் கத்தறேன். ஒருத்தரு கேக்கல. தாழ்ச்சியான புள்ள, தன்னப் பெருசா காட்டிக்காது, அப்புடித்தான் சொல்லும்னு சொல்றாங்க.

– பாட்டில எடுத்துக் காட்டறதுதான?

– காட்டினேனே. ஒரு பெரியவரு மூடியத் தெறந்து மோந்து பாத்தாரு. ரோசாப்பூ வாசன. நேத்து இந்தப் புள்ள கிட்டக்க வந்தப்பவும் இதே வாசன, இது பரலோக வாசனைன்னுட்டாரு. இப்ப அந்த பாட்டிலு எங்கூட்டு மாடத்துல மாதா சுரூபத்துக்குப் பக்கத்துல நிக்குது.

– என் பாட்டிலா? நான் காரிமங்கலத்துல கத்திக் கத்தி விக்கறேன், அங்க மாலையே போட்டுட்டாங்களா?

– சிரிக்காதீங்கண்ணா.

– சிரிக்கல. சாமியாரு என்னா சொல்றாரு?

– யாரும் அவசரப்படாதீங்கன்னாரு. ஊரு கேட்டாத்தான? எங்கப்பா சவரிராயன், அவரு ஆண்டவருக்கு நேந்துக்கிட்டாரு. எம்புள்ளைய உனக்கே குடுத்துட்டேன்னு. நாளைக்கிக் காலைல என்னைத் தருமபுரி மடத்துல கொண்டுபோய் உடறாரு. கன்னியாஸ்திரியா ஆவணுமாம். எனக்கு வேணாம். மடத்த நான் கொறையா சொல்லல, எங்க சித்தியே அங்கதான் இருக்காங்க. எனக்கு யாகப்பனக் கட்டிக்கணும். அவ்ளதான். இதுக்குக்கூட நான் வெக்கப்படற நெலமையில இல்ல.

– அந்த ஆளு எங்க போனாரு? உங்கப்பன் சட்டையப் புடிச்சி, எனக்குப் பேசின பொண்ணுன்னு கேக்க வேணாம்?

– முந்தியெல்லாம் எங்க வூட்டத் தாண்டறப்ப சைக்கிள் பெல்ல ரெண்டு தரம் அடிப்பாரு. நான் வெளிய வர மாட்டேன், ஆனா எனக்குத்தான்னு தெரியும். இப்ப எங்க தெரு முக்குலயே சைக்கிள உட்டு எறங்கிடறாரு. எறங்கித் தள்ளிக்கிட்டுப் போறாரு, கோயில் முன்னாடி போற மாதிரி. முந்தாநாளு நானே ஓடிப்போயி நடு வழியில நின்னேன். என்னைப் பாருங்க, நான் அதே மிக்கேலுதான், நீங்க பெல்லு அடிச்ச பொண்ணுதான்னு சொன்னேன்.

– என்னா சொன்னாரு?

– கும்புட்டாருண்ணா. தலையக் குனிஞ்சி, கைய எடுத்து என்னைக் கும்புட்டுட்டுப் போயிட்டாரு.

– இந்தா, அழுவாத. சந்தையில நாலு பேரு பாக்கறாங்க.

– பாக்கட்டும். இங்கயே முக்காட்ட எடுத்துட்டு, இவரு லோஷனாலதான்னு கத்தட்டுமா? அதுக்கும் தயாராத்தான் வந்தேன்.

– அதெல்லாம் வேணாம். ஒண்ணு சொல்றேன். என் வூட்டுக்காரி ராமக்காவும் அட்டக்கருப்பு. அவ மூஞ்சில நான் இதுல ஒரு சொட்டு தடவினது இல்ல.

– ஏன்?

– தடவ வந்தா சிரிச்சிப்புடுவா. அதக் காய்ச்சறதே அவதான. அதும் இல்லாம, அவ எனக்குக் கருப்பாவே தெரியல. உன் ஆளுக்கும் நீ அப்புடித்தான் இருந்திருப்ப. நாந்தான் ஊரு ஊரா கத்தி, இல்லாத கொறைய உங்க மூஞ்சிலயெல்லாம் ஒட்ட வெச்சிட்டேன்.

– வருவீங்களாண்ணா?

– வர்றேன். இந்த சந்த போனா பாப்பிரெட்டிப்பட்டி சந்த இருக்குது. பவரு கூடிப்போச்சி, மருந்து அளவு தப்பிடுச்சி, மன்னிச்சிக்கங்கன்னு உங்கப்பன் கால்லயே உழுந்துடறேன். அந்த சைக்கிள் கடைக்கும் போயி, யோவ், உனக்குப் பேசின பொண்ணுய்யா இது, ஒழுங்கா பெல்ல அடின்னு சொல்லிட்டு வரேன். போதுமா?

– போதும். அது போதும்ண்ணா. சீக்கிரம் வாரி மூட்ட கட்டுங்க. தருமபுரி பஸ்ஸு வர்ற நேரம்.

– கட்டறேன், பறக்காத. மொதல்ல அந்தக் காயத்தக் காட்டு. நாளைக்கி நாலு பேரு கேட்டா, பாத்தேன்னு சொல்லணும் இல்ல. இப்புடி தட்டி மறவுக்கு வா. முக்காட்ட எடு.

– பாருங்க.

– கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்பு.

– பாத்தீங்களா? கெளம்பலாமா?

– இது வலிக்குதா?

– இல்ல.

– கொப்புளம் வந்துச்சா? தோலு உரிஞ்சிச்சா?

– ஒண்ணும் இல்ல. என்னாத்துக்கு இப்புடி பாக்கறீங்க? பவரு கூடிப்போச்சின்னு சொல்றதா சொன்னீங்களே.

– பவரா? அந்த பாட்டில்ல ஏதும்மா பவரு. பம்பாயுமில்ல, பார்முலாவுமில்ல. அரிசி கழுவின தண்ணிய ராமக்கா வெதுவெதுன்னு காய்ச்சி, நாலு சொட்டு கிளிசரின், ரெண்டு சொட்டு ரோசா எசன்ஸ் உடுவா. என் பையன் தெரியாம பாதி பாட்டிலு குடிச்சிட்டு வெளையாடப் போயிட்டான். அது ஒரு எறும்பக்கூட சுடாது.

– அப்ப சாம்பல்ல ஏதாச்சும் இருந்திருக்கும்.

– அதே சாம்பலத்தான ஊருக்கே போட்டாரு? வேற யாருக்காச்சும் வந்துச்சா?

– வரல. எனக்குத் தெரியாதுண்ணா. எதுனால வந்துச்சின்னு எனக்குத் தெரியவும் வேணாம். உங்க லோஷன்னே சொல்லுங்க. பொய்யா இருந்தாலும் சொல்லுங்க. அதோ பஸ்ஸு ஹாரன் அடிக்குது. என்னா அப்புடியே நின்னுட்டீங்க? வாங்கண்ணா.

– வர்றேம்மா. செத்த இருங்க தாயீ, செருப்பக் கழட்டிக்கிறேன்.