தலைக்குத் தண்ணீர் வார்த்த பிறகு

வெங்காயத்துக்கு நாள் தவறாமல் இறைக்க வேண்டும், விதானையார். ஊருக்குத் தலைமைக்காரர் என்றாலும் உங்களுக்கும் தோட்டம் இருக்கிறது, தெரியாததல்ல. கிணற்றில் மொண்டு வரும் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்ற ஒருவர், மேலே துலா மரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க ஒருவர். ஊற்றுவது நான். மிதிப்பது என் தங்கை நாகேஸ்வரியின் புருஷன் பரமலிங்கம்.

இந்த ஐம்பத்தேழில் சுன்னாகப் பக்கம் சளிக்காய்ச்சல் வராத வீடு இல்லை. எனக்கும் வந்தது. ஐந்து நாள் படுத்தேன், ஆறாம் நாள் தலைக்குத் தண்ணீர் வார்த்தேன், ஏழாம் நாள் மண்வெட்டி பிடித்தேன். தலைக்கு வார்த்தால் நோய் போய்விட்டது என்பதுதானே நம் ஊர் வழக்கம். பரமலிங்கத்துக்கும் வார்த்தார்கள். அவன் மட்டும் எழும்பவில்லை. மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, "படுத்தா மூச்சு முட்டுது" என்பான். கிணற்றடிக்குப் போய்வருவதற்குள் இரண்டு தரம் குந்துவான். கால் வீங்கியிருந்தது. தின்றுவிட்டுக் கிடந்தால் வீங்காமல் என்ன செய்யும்? பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. நாகேஸ்வரி என் கோழிகளின் முட்டையில் அவனுக்கு முட்டைக்கோப்பி அடித்துக் கொடுத்தாள். நான் காய்ச்சலில் கிடந்தபோது வெறும் கொத்தமல்லித் தண்ணீர்தான் தந்தாள். அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

டொக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அவனை வெளியே இருத்திவிட்டு அவர் என்னிடம் சொன்னார்.

"காய்ச்சல் இருதயத்தைத் தாக்கிப்போட்டுது. நெஞ்சுக்குள்ளை நீர் கட்டியிருக்கு. ரண்டு மாசத்துக்குப் பாரமான வேலை ஒண்டும் செய்ய விடாதேங்கோ. செய்தா ஆள் தப்பாது."

நான் விளங்காதவன் அல்ல. திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அவர் எழுதித் தந்த மருந்துத் துண்டை பஸ்ஸில் வரும்போது யன்னலால் விட்டேன். அவன் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"ஒண்டுமில்லையாம். வேலை செய்தா எல்லாம் சரிவருமாம்," என்று வீட்டில் சொன்னேன். நாகேஸ்வரி சந்தோஷத்தில் அழுதாள். அவனும் என்னை நம்பினான். தன் உடம்பு சொல்வதை விட்டுவிட்டு என் வாயை நம்புகிற ஆளை என்னவென்று சொல்வது?

மறுநாள் காலை துலாவில் ஏறினான். இருபது பட்டை ஆனதும், "மச்சான், இறங்கட்டே?" என்று கேட்டான்.

"டொக்டர் சொன்னதைச் செய்யும்," என்றேன்.

நாற்பதில் அவன் உதடு நீலம் பாரித்தது. மறுபடி கேட்கவில்லை. அறுபத்து மூன்றாவது பட்டையில் விழுந்தான். நல்ல ஆம்பிளை இருநூறு மிதிப்பான்.

அப்போது மூச்சு இருந்தது. நடிக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மிச்சப் பாத்திகளுக்குக் கையால் இறைத்தேன். இறைத்து முடித்துவிட்டு வந்து பார்த்தபோது மூச்சு நின்றிருந்தது.

தெரிந்துதான் ஏற்றினேன், விதானையார். அப்படியே எழுதுங்கள். பொறாமை என்று நாகேஸ்வரி சொல்வாள், அதை மட்டும் எழுதாதீர்கள். நான் பொறாமைப்படுவதற்கு அவனிடம் என்ன இருந்தது?