ப்ளம்ஸ் பை வேகும் நேரம்

— கைய எடுங்க சாமி! மாவ அப்புடிப் போட்டு அமுக்குனா வெண்ணெ உருகிப் போயிருமுங்க. இது ப்ளம்ஸ் பழம் உள்ள வெச்சுச் சுடற பைக்கு, உங்க ஊட்டி வர்க்கி ரொட்டிக்கு இல்ல.

— முப்பது வருசமா இந்த பேக்கரியில மாவு பெசையுற கை இது, டெய்லரம்மா.

— அதுனாலதான் சொல்றனுங்க. சூட்டுக் கை. வர்க்கி மாவ அடிச்சுப் பெசையோணும். இத… தொட்டும் தொடாம வெச்சுக்கோணும்.

— தொட்டும் தொடாம… அது எனக்கு நல்லாவே பழக்கம்.

— என்னங்க?

— பூரிக்கட்டை வேணுமான்னு கேட்டேன்.

— குடுங்க. பலகையில மாவு தூவுங்க. போதும்… போதுமுங்க! இத்தன தூவுனா பையோட மேல்மூடி வரட்டியாட்டம் ஆயிரும்.

— நீங்க விரிங்க, நான் பழத்த நறுக்குறேன். இதென்ன, ப்ளம்ஸோட பேரிக்காயும் இருக்கு?

— சீசன் முடிஞ்சுதுங்க. குன்னூர் மார்க்கெட்டையே ரெண்டு சுத்து சுத்தி அரைக் கிலோ ப்ளம்ஸ்தான் கெடச்சுது. பத்தாததுக்குத்தான் பேரிக்கா. மெல்லிசாச் சீவுங்க. இல்லாட்டி அது வேகறதுக்குள்ள மேல கருகிரும்.

— வேக எவ்வளவு நேரமாகும்?

— மூணு வருசமா சனிக்கெழம சனிக்கெழம இதையே கேக்கறீங்க. அம்பது நிமிசம்.

— இன்னிக்கு பேரிக்கா வேற இருக்கே. கூட ஆகும்.

— ஆகாதுங்க. நாலே முக்கால் பஸ்ஸுக்கு அருவங்காடு போகோணும்.

— அஞ்சரைக்கு ஒண்ணு இருக்கே.

— அதுல போனா இருட்டிரும். மூட்ட கட்டற வேல பாதி கெடக்குது. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு டெம்போ வந்துரும்னு கீர்த்தனா நாலு தடவ போன் பண்ணீட்டா.

— கோயமுத்தூர்ல இருந்து ஆறு மணிக்கேவா? மகளுக்கு என்ன அவ்வளவு அவசரம்?

— பொறந்தப்பவே அவசரக்காரிங்க. எட்டாம் மாசத்துலயே வந்துட்டா.

— சாமான் நெறைய இருக்கா?

— என்ன பெருசா… பீரோ, கட்டிலு, தையல் மெசினு, மால போட்ட அவரு போட்டோ ஒண்ணு. இருவத்தஞ்சு வருசம் குடியிருந்த ஊடு, அரை டெம்போ கூட நெறையாது.

— மெசினையும் ஏத்துறீங்களா? அப்ப, வாசல்ல அந்த ‘கலைமதி லேடீஸ் டெய்லர்’ போர்டு?

— காலைல கழட்டீட்டனுங்க.

— ம்… அப்ப திரும்பி வர்ற மாதிரி இல்ல.

— கீர்த்தனாவும் மாப்புள்ளையும் அங்க பிளவுஸ் தைக்கற யூனிட்டு போட்டிருக்காங்க. நாலு மெசினு. நீயும் வந்து கூட நில்லும்மாங்கறா. ஒத்தையில அங்க என்னத்த வெச்சுட்டு உக்காந்திருக்கறன்னு கேக்கறா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— யோசிச்சுச் சொல்றன்னேன். மூணு மாசமா யோசிச்சேன்.

— அப்புறம்?

— இருன்னு யாரும் சொல்லல. சரின்னுட்டனுங்க.

— …அதுவும் சரிதான்.

— சரிதானுங்களா?

— இல்லையா?

— நீங்கதான சொல்றீங்க, சரிதான்னு. அதான் கேட்டேன்.

— நான் என்னத்தச் சொல்றது. பெத்த மக கூப்புடுறா. நடுவுல நான் யாரு?

— அது சரி. பழத்துல சக்கரையப் போடுங்க. கெராம்புப் பொடி ஒரு சிட்டிகை. மாவு ஒரு கரண்டி… அது எதுக்குன்னு ஞாபகமிருக்குதுங்களா?

— சாறக் கட்டுறதுக்கு. இல்லன்னா சாறு ஓடி அடி நமுத்துப் போயிடும்.

— பரவால்லையே. தட்டுல விரிச்ச மாவு மேல கொட்டிப் பரப்பி உடுங்க. மூடிய வெக்கறேன். ஓரத்துல தண்ணி தொட்டு, ரெண்டையும் சேத்து அமுக்கி மடிச்சுட்டே வரோணும். தையலும் இதும் ஒண்ணுதானுங்க. ஓரம் பிரிஞ்சா மானம் போயிரும்.

— இதெல்லாம் யாருகிட்டத்தான் கத்துக்கிட்டீங்க?

— கல்யாணத்துக்கு முந்தி ஒரு எஸ்டேட் பங்களாவுல சமையலுக்கு நின்னனுங்க. அங்கத்த பட்லரு மாவுல யாரையும் கைய வெக்க உடவே மாட்டாரு. ஒளிஞ்சு நின்னு பாத்துக் கத்துக்கிட்டது. அந்தக் கத்தியக் குடுங்க, நடுவுல நாலு கீறல் போடோணும். ஆவி போறதுக்கு.

— போகலைன்னா?

— வெடிச்சுரும். எதையும் உள்ளயே பூட்டி வெச்சா ஒரு நாளைக்கு வெடிக்கத்தான செய்யும்.

— எல்லாம் வெடிக்காது. சிலது கெடக்கும், அது பாட்டுக்கு.

— எவ்வளவு நாளைக்குங்க?

— முட்டை பூசியாச்சா? குடுங்க, போறணைக்குள்ள தள்ளிடுறேன்.

— போறணையாமா! ஊருல எல்லாரும் அடுப்புங்கறாங்க.

— எங்கப்பா சிலோன்ல பேக்கரியில நின்னவரு. ரொட்டி சுடுற அடுப்புக்கு அங்க போறணைன்னுதான் பேரு. எங்களுக்கும் அதே வாயில ஒட்டிக்கிச்சு. தள்ளி நில்லுங்க, கதவத் தொறந்தா சூடு அடிக்கும்.

— தள்ளித்தான் நிக்கறனுங்க.

— வச்சாச்சு. கதவையும் சாத்தியாச்சு. மணி என்ன?

— மூணு அம்பது. நாலு நாப்பதுக்கு எடுத்தா சரியா இருக்கும்.

— ஒக்காருங்க. அந்த மூட்டை மேல வேணாம், ஈரமா இருக்கு. ஸ்டூல் போடுறேன். தேத்தண்ணி கொண்டாரவா?

— வேண்டாமுங்க… சரி, கொண்டாங்க. சக்கரை மட்டும்…

— அரைக் கரண்டி. தெரியும். …இந்தாங்க, புடிங்க. சூடு.

— நல்லா இருக்குதுங்க. இன்னிக்கு நெம்பக் குளிரு, சால்வைய எடுக்கவே முடியல.

— சரியான குளிர். மழை விட்டதும் மூடுபனி ஏறிடுச்சு. …ஒண்ணு கேக்கட்டா?

— கேளுங்க.

— பாப்பாவுக்குப் புடிக்கும்னுதான் மொத மொதல்ல இந்தப் பைய இங்க சுடக் கொண்டாந்தீங்க. அவ கல்யாணமாகிப் போயி ரெண்டு வருசம். அதுக்கப்புறம் வாராவாரம் இத யாரு சாப்புடுறா?

— ஏன், நான் சாப்புடக் கூடாதுங்களா?

— முழுசாவா?

— பக்கத்தூட்டு காத்தாயியக்காளுக்குக் குடுப்பனுங்க. போன மாசம் அவங்க கையெடுத்துக் கும்புட்டுட்டாங்க. "கண்ணு, எனக்குச் சக்கர வியாதி, இனி சனிக்கெழமையானா என்ற ஊட்டுப் பக்கம் வராத"ன்னு.

— பாவம்! அப்புறமும் ஏன் சுட்டுக்கிட்டே…

— உங்க அடுப்பு நல்ல அடுப்புங்க. அதான்.

— ஓ. அடுப்பு.

— ஆமாங்க. அடுப்பு. நீங்க மட்டும் என்னவாமா? ஸ்கூல் டீச்சர் பிரிஸில்லா மிஸ் கிறிஸ்துமஸ் கேக்க வேக வெக்கக் கொண்டாந்தாங்களாமா. எடமில்லைன்னு திருப்பி அனுப்பீட்டீங்களாமே.

— அன்னிக்கு நெசமாவே எடமில்ல.

— ரெண்டாளு படுத்துத் தூங்கற அடுப்புலயா?

— கேக்கு பெரிய கேக்கு.

— அரைக் கிலோ கேக்குன்னு சொன்னாங்க.

— …சிரிச்சது போதும். புரை ஏறப் போகுது.

— ஏனுங்க, நானும் ஒண்ணு கேக்கறேன். நீங்க ஏன் கல்யாணமே பண்ணிக்கல?

— மூணு தங்கச்சிங்க. கடைசித் தங்கச்சிய அனுப்பி வைக்கிறப்ப எனக்கு நாப்பத்தாறு வயசு. அப்பவும் கூடலூர்ல ஒரு பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போனாங்க. நான் கொண்டு போன வர்க்கி நல்லா இருக்குன்னு அவங்கப்பா வாரம் ரெண்டு டின்னுக்கு ஆர்டர் குடுத்தாரு. பொண்ணத்தான் குடுக்கல.

— அய்யோ… அந்த ஆர்டர எடுத்தீங்களா?

— எடுத்தேன். வியாபாரம் வேற, இது வேற. …இப்ப என் முறை. ஊரே என்னய மனோகரண்ணே, மனோகரண்ணேங்குது. அறுபது வயசு ஆச்சிங்க கூட அண்ணேங்குதுங்க. நீங்க மட்டும் மூணு வருசமா ‘ஏனுங்க’ங்கறீங்க.

— அது எங்க பக்கத்துப் பேச்சுங்க. கடைக்காரரு, கண்டக்டரு, யாரா இருந்தாலும் ஏனுங்கதான்.

— கண்டக்டரையுமா?

— …கண்டக்டர அண்ணான்னுதான் கூப்புடுவேன்.

— அப்ப என்னய?

— ஏன், உங்களையும் அண்ணான்னு கூப்புடோணுங்களா?

— வேணாம். வேணாம் வேணாம். ஏனுங்கவே இருக்கட்டும்.

— மணி பாருங்க.

— நாலு இருவது.

— வாசமே வரலீங்களே. இந்நேரத்துக்கு ப்ளம்ஸ் வாசம் தெரு வரைக்கும் போயிருக்கோணும்.

— பேரிக்கா கலந்திருக்கே. அதுக்கு வாசம் கம்மி.

— கெராம்பு போட்டிருக்குதுங்க.

— மூடுபனியில மூக்கு அடைச்சிருக்கும். தேத்தண்ணியக் குடிங்க, ஆறுது.

— கதவக் கொஞ்சமாத் தொறந்து எட்டிப் பாத்தா…

— தொறக்கக் கூடாது! நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, நடுவுல தொறந்தா சூடு எறங்கிடும்னு.

— ஆமாங்க. நாந்தான் சொன்னேன். தொறக்க வேண்டாம்.

— கோயமுத்தூர்ல… அங்க பை சுடுவீங்களா?

— மாப்புள்ள கரண்டு அடுப்பு ஒண்ணு வாங்கி வெச்சிருக்காராம். ஆனா அங்க வெண்ணெய வெளிய வெச்சா ஓடிப் போயிரும். பிரிட்ஜுல வெச்சு வெச்சு எடுத்துப் பெசையோணும்.

— நல்லதாப் போச்சு. இதத் தூக்கிட்டு பஸ் ஏறி வர வேண்டியதில்ல.

— வர வேண்டியதில்லீங்க.

— சனிக்கெழம…

— சனிக்கெழம என்னங்க?

— ஒண்ணுமில்ல. சனிக்கெழம மத்தியானம் இங்க கூட்டம் இருக்காது. கொஞ்ச நேரம் படுக்கலாம்.

— படுங்க. வெள்ளிக்கெழம ராத்திரி சவரம் பண்ற வேலையும் மிச்சம்.

— அது உங்களுக்கு எப்புடி…

— வாராவாரம் கன்னத்துல புதுசா ஒரு வெட்டு இருக்குதுங்களே. இன்னிக்கு ரெண்டு.

— பிளேடு வழுக்கிடுச்சு.

— எதுக்குங்க வழுக்குச்சு?

— …குளிர்தான்.

— ம். குளிருதானுங்க. எனக்கும் அங்க போனா இந்தக் குளிரு இல்லாம எப்புடி இருப்பேன்னு தெரியல. சனிக்கெழமையானா காலு தானா பஸ் ஸ்டாண்டுக்குத்தான் நடக்கும். நடந்து போயி எந்த பஸ்ல ஏறறது?

— தேத்தண்ணி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?

— நாலு நாப்பது. எடுங்க.

— இன்னும் பத்து நிமிசம் இருக்கட்டும்.

— பஸ்ஸு போயிருமுங்க.

— பேரிக்கா வேகணும்ல.

— நீங்க எடுக்கறீங்களா, நான் எடுக்கட்டுங்களா?

— எடுக்கிற கட்டை நீளம். உங்களுக்கு வராது. அஞ்சே அஞ்சு நிமிசம்…

— …அந்த ஹாரன் நாலே முக்காலுதானுங்களே?

— …போயிடுச்சு.

— போயிருச்சுங்க.

— மன்னிச்சுக்குங்க.

— எதுக்கு? பஸ்ஸு என்ன உங்களுதா. இப்பவாவது கதவத் தொறங்க.

— கலைமதி…

— இன்னிக்குத்தான் மொதத் தடவையாக் கூப்புடறீங்க, பேரச் சொல்லி. தொறங்க.

— தொறந்தா கோவிச்சுக்குவீங்க.

— தொறங்க.

— …இந்தாங்க. பாத்துக்குங்க.

— வெள்ளையா இருக்குது. வெச்சது வெச்ச மாதிரியே. பூசுன முட்டை கூட காயல.

— ம்.

— இன்னிக்கு அடுப்பு மூட்டவே இல்லீங்களா?

— வெறகெல்லாம் அடுக்குனேன். காலையில தீப்பெட்டியும் கையுமா அரை மணி நேரம் நின்னேன். மூட்டுனா இது வெந்துடும். வெந்தா எடுத்துட்டு பஸ் ஏறிடுவீங்க. அதுக்கு மேல எனக்கு யோசனை ஓடல. வர்க்கியெல்லாம் முன்னாடி கடையில கரண்டு அடுப்புல போட்டுட்டேன். பைத்தியக்காரத்தனந்தான். போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். மூணு மாசமா அது நாக்கு வரைக்கும் வந்து வந்து போகுது…

— இப்பச் சொல்லீட்டீங்களே.

— சொல்லிட்டேனா?

— சொல்லீட்டீங்க. போன எடுங்க. டெம்போக்காரன் அங்கிருந்து கெளம்பறதுக்குள்ள கீர்த்தனாகிட்டப் பேசோணும்.

— கலைமதி… பச்ச மாவ உள்ள வச்சுட்டு ஒரு மணி நேரம் உங்கள ஒக்கார வச்சு ஏமாத்தியிருக்கேன். நெசமாவே கோவம் இல்லையா?

— கோவம் என்னத்துக்குங்க? உள்ள வந்ததும், குளிருக்கு எதமா இருக்கட்டும்னு அந்த அடுப்புச் செவுத்துல கைய வெச்சனுங்க. சில்லுனு இருந்துச்சு. அதுக்கப்புறந்தான் மாவப் பிரிச்சு வெளிய எடுத்தேன்.