சின்னக் காருக்குப் பெரிய சக்கரம்

சின்னக் காருக்குப் பெரிய சக்கரம் போட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. குள்ளமாக, உருண்டையாக, கண்ணை விழித்துக்கொண்டு நிற்கிற அந்தப் பழைய வண்டிக்கு அகலமான சக்கரம் நாலையும் மாட்டியதும் அது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பட்டறைக்காரர் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார் என்று ஒருவர் சொன்னதும் என் காதில் விழுந்தது.

நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள், ஐயா. நான் எச்சரித்தேன், அவன் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால் உங்கள் வேலையும் முடியும், நானும் வீட்டுக்குப் போகலாம். அப்படித்தான் சொல்வதாக இருந்தேன். நேற்று என் மனைவி சாப்பாட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "உங்க பேச்சைக் கேட்டிருந்தா என் தம்பி இன்னிக்கு இருந்திருப்பான்" என்றாள். எனக்குப் புரையேறிற்று. அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்து முதுகைத் தடவிவிட்டாள். அதைத் தாங்க முடியாமல்தான் உண்மையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

அவளுக்கு அவன் ஒரே தம்பி. மீசை முளைக்கும் முன்பே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அலைந்ததால் எல்லாருக்கும் மைனர். நல்லவன். வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நல்லவன். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீடு கலகலத்துப் போகும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிற என் மகள் "மாமா" என்று கத்திக்கொண்டு ஓடி வருவாள். நான் வேலையிலிருந்து வந்தால் அந்தக் கதவு திறக்காது. தப்பு அவள் மேல் இல்லை, எனக்குப் பேசத் தெரியாது. யார் எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பேன். வேறு வார்த்தை வராது.

மைனர் அதைப் பிடித்துக்கொண்டான். மூக்கை ஒருமுறை உறிஞ்சி, கையை இடுப்பில் துடைத்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, "பார்க்கலாம்" என்று நடித்துக் காட்டுவான். அச்சு அசலாக நானேதான். "வீடு தீப்பிடிச்சு எரியுது, அத்தான் வாங்கன்னு கூப்பிட்டா என்ன சொல்லுவாரு?" என்று ஆரம்பிப்பான். அவன் மூக்கை உறிஞ்சும்போதே என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் உம்மணாமூஞ்சி என்று அதற்கும் ஒரு நடிப்பு வைத்திருந்தான். சிரித்துச் சிரித்து எனக்குத் தாடை வலித்த நாட்கள் உண்டு.

கார் என் மாமனாருடையது. ஓட்டியது அவர், உயிரோடு வைத்திருந்தது நான். எங்கே தேடியும் கிடைக்காத பாகங்களை நானே கடைந்து செய்து போட்டிருக்கிறேன். அவர் படுக்கையில் விழுந்ததும் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு, மைனரைக் காட்டி, "கார் இவனுக்கு" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, நீங்க பார்த்துக்குங்க" என்றார். சாவி ஒருவனுக்கு, கிரீஸ் ஒருவனுக்கு. நான் முகம் சுளிக்கவில்லை. பார்த்துக்கொண்டேன்.

அந்த வண்டிக்குத்தான் மைனர் வேறொரு காரின் சக்கரங்களை என் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில் பிடித்திருக்கிறான். கூடவே அவன் கூட்டாளிகள் நாலைந்து பேர்.

"அத்தான், இதை மாட்டிக் குடுங்க. வண்டி பிச்சுக்கிட்டுப் போகணும்."

"இது வேற வண்டிச் சக்கரம் மாப்ளே."

"துளையெல்லாம் சரியா இருக்கு. வெச்சுப் பார்த்துட்டுத்தானே வாங்கினேன்."

எனக்கு வேறெதுவும் வரவில்லை. "பார்க்கலாம்" என்றேன். கூட்டாளிகள் அவ்வளவு பேரும் கொல்லென்று சிரித்தார்கள். அவர்களுக்கும் நடித்துக் காட்டியிருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. என் பட்டறையில், என் வேலைக்காரர்கள் முன்னால். உடம்பு கூசிப்போயிற்று.

துளைகள் சரியாகத்தான் இருந்தன. சரியில்லாதது நட்டு. பழைய சக்கரத்தில் நட்டு உட்காருகிற இடம் கிண்ணம்போலக் குழிந்திருக்கும், அதற்கேற்றபடி நட்டின் முகமும் உருண்டை. அவன் கொண்டு வந்ததில் அந்த இடம் புனல்போலச் சரிந்திருந்தது. அதற்குக் கூம்பு முகம் வேண்டும். உருண்டை நட்டைச் சரிவில் வைத்து முறுக்கினாலும் கைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். ஆனால் அது பேருக்குத் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஓட ஓட நெகிழும். கூம்பு நட்டு என்னிடம் ஒரு டப்பா நிறைய இருந்தது, தலைக்கு நேர் மேலே அலமாரியில். நான் கழற்றிய பழைய நட்டுகளையே திரும்பப் போட்டேன்.

சக்கரம் ஆட்டம் கொடுக்கும், அவன் பயந்துபோவான், வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, "அத்தான், நீங்க சொன்னதுதான் சரி" என்பான். அதை என் மகள் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எச்சரித்ததும் உண்மை. வேறு வண்டிச் சக்கரம் மாட்டினால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி இறுக்கிக்கொள்ள வேண்டும், எந்தப் பட்டறையிலும் சொல்வார்கள். நானும் சொன்னேன். "மெதுவா ஓட்டு மாப்ளே. வளைவுல பார்த்துப் போ. நாளைக்கே கொண்டு வா, இறுக்கித் தரேன், மறந்துடாதே." அவன் கூட்டாளிகள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, என் வழக்கத்துக்கு விரோதமாக உரக்கவே சொன்னேன். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பார்க்கலாம்" என்றான். சிரிப்பு அடங்கும் முன் வண்டி தெருமுக்கைத் தாண்டிவிட்டது.

மைனரிடம் ஒன்றைச் செய்யாதே என்றால் செய்வான், செய் என்றால் செய்யமாட்டான். குழந்தையிலிருந்தே அப்படித்தான் என்று அவன் அக்கா சொல்லிச் சிரிப்பாள். தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டு, "டேய், இது விளையாட்டில்ல" என்று மெதுவாகச் சொல்லியிருந்தால் மறுநாள் வந்து நின்றிருப்பான். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கூட்டத்தில் சொன்னேன்.

அவன் வரவில்லை. ஒருநாள் மத்தியானம் பட்டறையைத் தாண்டிப் போகும்போது ஹார்ன் அடித்துக் கையாட்டினான். நான் இன்னொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். முன் சக்கரத்திலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. எத்தனை வருஷமாகக் கேட்கிற காது இது. எழுந்து வெளியே ஓடியிருக்கலாம். கையில் இருந்த வேலையை முடித்தேன்.

அடுத்த விடுமுறை நாள் காலையில் கார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. என் மகள் தலையைக்கூடச் சரியாக வாராமல் படியிறங்கி ஓடினாள். "அப்பா, மாமா எனக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுக்கறார்." முதலில் என்னைத்தான் கேட்டிருந்தாள். நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

அவள் ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்தாள். மைனர் பக்கத்து சீட்டில். நானும் படியிறங்கி வண்டியருகே போனேன். மைனர் பக்கத்து முன் சக்கரத்தில் ஒரு நட்டு மற்றதைவிட வெளியே துருத்திக்கொண்டிருந்தது, நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. வீட்டுக்குள் போய் ஸ்பானர் எடுத்து வர ஒரு நிமிஷம் ஆகுமா? இறங்கு என்று மகளிடம் சொல்ல அதுகூட ஆகாது. சொன்னால் மைனர் ஏன் என்பான். குனிந்து பார்ப்பான். இது பழைய நட்டாச்சே அத்தான் என்பான். வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். நான் திருதிருவென்று விழித்ததை அவன் ஆயுள் முழுக்க நடித்துக் காட்டுவான், என் மகள் ஆயுள் முழுக்கச் சிரிப்பாள். பெற்ற பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது ஒருவனுக்கு இப்படி யோசனை போகுமா என்று நீங்கள் நினைப்பீர்கள். போயிற்று.

கடைத்தெரு தாண்டி வளைவில் சக்கரம் கழன்றது. வண்டி மைனர் பக்கமாகச் சாய்ந்து விளக்குக் கம்பத்தில் மோதியது. மகளுக்கு ஒரு கை முறிவு, நெற்றியில் தையல். மைனருக்கு உள்ளே எல்லாம் நசுங்கியிருந்தது. சில நாட்கள் கிடந்தான். நினைவு வந்தபோது என்னைத்தான் கேட்டானாம். போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், நீங்க படிச்சுப் படிச்சு சொன்னீங்க. நான்தான் கேக்கல. பாப்பாவை இப்படிப் பண்ணிட்டேனே. என்னை மன்னிச்சிடுங்க."

நான் தலையை ஆட்டினேன். மன்னித்துவிட்டேன், ஐயா. அவனும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. என் மகள் இப்போது கதவைச் சாத்துவதில்லை, என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அப்பா பேச்சைக் கேட்டிருக்கணும் என்று அழுகிறாள். இதற்காகவா அதைச் செய்தேன்?

அவனைக் கொல்ல நினைக்கவில்லை, பயம் காட்டத்தான் நினைத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று உங்களிடம் கேட்பதாக இருந்தேன். எழுத வேண்டாம். அன்று காலையில் நான் சும்மா நிற்கவில்லை. மகள் பக்கத்து ஜன்னல் வழியாகக் குனிந்து, சீட் பெல்ட்டை இழுத்து நானே மாட்டிவிட்டேன். "கூசுதுப்பா" என்று நெளிந்தாள். நன்றாக மாட்டியிருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். அது இல்லாவிட்டால் பெண் பிழைத்திருக்காது என்று டாக்டர் சொன்னார். பக்கத்தில் மைனர் கையிரண்டையும் விரித்துக்கொண்டு, "எனக்கு மாட்டி விட மாட்டீங்களா அத்தான்?" என்றான்.

நான் காரின் கூரையைத் தட்டி, "கிளம்புங்க, நேரமாச்சு" என்றேன்.