ஒரே வண்டி ஓடிய பந்தயம்

பந்தயத்தில் ஓடியவை இரண்டு வண்டிகள். போலீசார் பிடித்தது, நின்ற வண்டியை மட்டும்.

என் பெயர் நசீமா, வயது 26, கணவர் அசன் முகம்மது, இருப்பு ராஜபாளையம். வழக்குச் சொத்தாக ஸ்டேஷனில் நிற்கும் யமஹா, கல்யாணத்தின்போது என் அத்தா (தகப்பனார்) என் பெயரில் வாங்கிக் கொடுத்தது. என் கணவர் அதில் தறிகளுக்கு நூல் ஏற்றிப் பிழைக்கிறார்.

1994 ஜூலை மாதம் கடைசி ஞாயிறு மாலை, நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வீடு திரும்பும்போது ரயில்வே கேட் சாத்தியிருந்ததால் நின்றோம். அதன் பின்பு, பஞ்சு வியாபாரி மகன் ஐயாதுரை சிவப்பு நிறப் புது வண்டியில் பக்கத்தில் வந்து நின்று, என் கணவரைப் பார்த்து, “ஏலே நூல்காரா, பின்னால இருக்கது பொஞ்சாதியா, மூட்டையா? மம்சாபுரம் விலக்கு வரைக்கும் வாரியா, பயமா வருதா?” என்றான். கேட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான், “மச்சான், வேண்டாம்” என்றேன். அவர், “கெட்டியாப் பிடிச்சுக்கோ” என்றார். அவர் போனது தப்பு. அதை நான் மறைக்கவில்லை.

கேட் திறந்த பின்பு இருவரும் ஓட்டினார்கள். அதன் பின்பு, மம்சாபுரத்துக்கு ரோடு பிரியும் விலக்குக்குக் கிட்டே புல்லுக்கட்டோடு ரோட்டைத் தாண்டிய கூலிக்காரப் பெண் பெத்தம்மாளை, எங்களுக்கு முன்னால் போன ஐயாதுரையின் வண்டி இடித்தது. அவன் நிற்கவில்லை. என் கணவர் நிறுத்தினார். நாங்கள் அந்த அம்மாவைத் தூக்கி, அந்த வழியே வந்த பஸ்ஸில் ஏற்றினோம், நான் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனேன், வழியெல்லாம் அவர் முறிந்த கால் என் மடியில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் பின்பு ரோட்டுக்கு வந்த போலீசார், அங்கேயே நின்ற என் கணவரையும் வண்டியையும் கொண்டுபோனார்கள்.

மறுநாள் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர், “பந்தயம் விட்டா வண்டியைப் பிடிக்கச் சட்டம் இருக்கும்மா. உன் வீட்டுக்காரர்தான் வேகமா வந்து இடிச்சார்னு கையெழுத்துப் போடு, சாயங்காலமே வண்டியை விட ஏற்பாடு பண்றேன்” என்றார். நான், “ஒத்தை ஆள் யாரோட சார் பந்தயம் ஓடுவாரு?” என்றேன். அவர், “வாய் எம்புட்டு நீளுது பாரு” என்றார்.

அதன் பின்பு என் கணவரே, “போட்டுத் தொலை ஏட்டி. வண்டி இல்லாம நூலைத் தலையிலயா சுமக்கது?” என்றார். “சுமங்க மச்சான். அந்த அம்மா காலை உங்க தலையில எழுதப் பாக்காக” என்றேன். கையெழுத்துப் போடவில்லை. அவரை ஜாமீனில் விட்டார்கள், வண்டியை விடவில்லை. அன்று முதல் அவர் வாடகை சைக்கிளில் நூல் தள்ளிக்கொண்டு போகிறார்.

நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. ஐயாதுரையின் வண்டியையும் பிடித்து என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். எந்தத் தேதியில் நிறுத்துவீர்கள் என்று இப்போதே சொல்ல வேண்டும்.

(சாட்சி போலீஸ் தரப்பைப் பார்த்துக் கேட்ட இந்தக் கேள்வி, கோர்ட்டில் அப்படியே பதிவு செய்யப்பட்டது. வாசித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொண்டார்.)

ஒப்பம்: அ. நசீமா