முப்பது கிலோமீட்டருக்குள்

பிழையோடு ஒரு வாக்கியத்தைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது. நேற்று நீங்கள் தட்டச்சு செய்து கொடுத்த வாக்குமூலத்தில் நான்கு பிழைகள் இருந்தன. பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபது வருடமாக டெண்டர் பிரிவில் நிபந்தனை எழுதிய கை சும்மா இருக்காது.

மந்திரியின் மச்சினருக்கு ஒப்பந்தம் கிடைக்க உதவினீர்களா என்று கேட்டீர்கள். உதவினேன். அதில் மென்று முழுங்க ஒன்றும் இல்லை.

பெரியாஸ்பத்திரிக்கு நாற்பது இன்குபேட்டர் வாங்க வேண்டியிருந்தது. குறைமாதக் குழந்தைகளைச் சூடு குறையாமல் வைத்திருக்கும் பெட்டி. மச்சினர் அதுவரை செய்து கொடுத்ததெல்லாம் இரும்புக் கட்டில். இன்னாருக்குக் கொடு என்று எங்கள் துறையில் யாரும் காகிதத்தில் எழுத மாட்டார்கள். மந்திரியின் உதவியாளர் போனில் கூப்பிட்டார்.

"நம்ம மச்சினர் இந்தத் தடவை ஆசைப்படறார். கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க சார்."

பார்த்துத்தான் செய்தேன். ஆளை அளந்து சட்டை தைக்கிற மாதிரிதான் இந்த வேலையும். மருத்துவமனைக்கு ஏதேனும் சாதனம் வழங்கி ஐந்தாண்டு அனுபவம் வேண்டும் என்று எழுதினேன், கட்டிலும் சாதனம்தானே. தொழிற்கூடம் ஆஸ்பத்திரியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று எழுதினேன். அவருடைய பட்டறை இருபத்தாறாவது கிலோமீட்டரில் இருக்கிறது. இருபத்தாறு என்றே எழுதியிருந்தால் பச்சையாகத் தெரிந்திருக்கும். உண்மையிலேயே இன்குபேட்டர் செய்கிற மூன்று கம்பெனிகளும் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டன. நான் எழுதியதிலேயே நேர்த்தியான பக்கம் அது. சொன்னால் என்ன, பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்றுதான் இடித்தது. மாதிரிப் பெட்டியை எழுபத்திரண்டு மணி நேரம் விடாமல் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது பழைய நிபந்தனை. மச்சினர் ஒரு பெட்டியை முன்னதாகவே என் அறைக்குக் கொண்டுவந்தார். காலையில் போட்டோம். எட்டு மணி நேரம் ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு சூடு ஏற ஆரம்பித்து, நிற்காமல் ஏறியது. எங்கள் பிரிவின் இளநிலைப் பொறியாளர், என் மகள் வயதுப் பெண், உள்ளேயிருந்து தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டினாள்.

"சார், இதுல குழந்தையப் படுக்க வைப்பாங்க. கட்டில் இல்ல சார் இது."

"தெரியும்மா. நேரமாச்சு, நீ வீட்டுக்குக் கிளம்பு."

அவள் போனதும் எழுபத்திரண்டை எட்டாக்கினேன்.

திருத்தம் வந்தால் வேலை தேங்கக் கூடாது என்று, வெற்றுத் தாள்களின் அடியில் ஆளுக்குப் பத்துக் கையெழுத்துப் போட்டு என் மேசையில் வைத்துவிடுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். எட்டு மணி நேரம் என்று திருத்திய பக்கத்தை அவள் கையெழுத்திட்ட தாளில் அடித்தேன். அதனால்தான் அவளைப் பிடித்து ஐந்து மாதமாக உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவளை விட்டுவிடுங்கள். அதற்காகத்தான் நானே வந்தேன். விடமாட்டீர்கள் என்றும் தெரியும். கையெழுத்து அவளுடையது, மந்திரி இன்னும் மந்திரி. பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு டெண்டர் வந்திருக்கிறதே, படித்தீர்களா? என் நிபந்தனைகளை அப்படியே போட்டிருக்கிறார்கள். கிலோமீட்டரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

ஆறு குழந்தைகள் போனது வருத்தம்தான். ஆனால் தெரிந்தே செய்தேன் என்று நீங்கள் எழுதியிருப்பது அபாண்டம். நர்ஸுகள் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவார்கள், பெட்டியைத் தொட்டுப் பார்த்து அணைத்து வைப்பார்கள் என்று மனதார நம்பினேன். கடைசி வரை எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பெட்டிகள் வந்து இறங்கிய வாரம் என் மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி எடுத்தது. பெரியாஸ்பத்திரியில்தான் பதிந்திருந்தோம். ஆம்புலன்ஸில் ஏறியதும் அடுத்த ஊருக்கு விடச் சொன்னேன்.

"அது ஒன்றரை மணி நேரம் சார். வழியிலயே ஏதாவது ஆயிடும். இங்க புது மெஷினெல்லாம் வந்திருக்கே," என்றார் டிரைவர்.

"அங்க மட்டும் வேண்டாம்ப்பா. நீ ஓட்டு."

பேத்தி மூன்று வாரம் இன்குபேட்டரில் இருந்து பிழைத்தாள். பெரியாஸ்பத்திரியில் முதல் குழந்தை இறந்தது, நாங்கள் ஆம்புலன்ஸில் போனதற்கு நான்கு நாள் கழித்துத்தான். இது எங்கள் குடும்ப விஷயம். வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டியதில்லை.